கவர்னர் தேர்தலில் மூன்றாவது ஆள்

எம்.ஏ. படிக்கும்போது நான் ஒரு கவர்னர் தேர்தலில் நின்றேன். ஜெயிப்பதற்காக நிற்கவில்லை. ஒருவனைத் தோற்கடிப்பதற்காக நின்றேன், தோற்கடித்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். அப்பாவை ஐயன் என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு வாழையும் நெல்லும். ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் அந்தியூர்ப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா விவசாயம் பார்ப்பார், கூடவே மாட்டு வியாபாரமும் உண்டு. வகுப்பில் அவள்தான் முதல். படிக்கும்போது உட்கார மாட்டாள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். மற்ற அறைக்காரிகள் கத்துவார்கள். அவளுக்குக் காதில் விழாது. காலேஜ் வாத்தியாராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வாத்தியாரானதும் முதல் வேலையாக இப்படிச் சத்தமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஒரு தனி அறை கேட்பேன் என்பாள்.

நான் தோற்கடித்தவனும் எங்கள் வகுப்புத்தான். அவனுடைய அப்பாவுக்குத் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி இருந்தது. எங்கள் துறைக்கு மின்விசிறிகளும் மர பெஞ்சுகளும் அவர் கொடுத்தவை. ஆள் பார்க்க நன்றாக இருப்பான், நன்றாகப் பேசுவான். மேடையில் ஏறினால் கைதட்டல் வாங்காமல் இறங்க மாட்டான். இதை நான் மறுக்கவில்லை. அவனுக்கு இருந்த ஒரே குறை, யாரும் அவனிடம் இல்லை என்று சொல்லி அவன் கேட்டதில்லை.

அவள் சொன்னாள். லைப்ரரிப் படிக்கட்டில் நிறுத்தி வைத்து, தன் மனசில் இருப்பதை அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளும் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு அதுல இஷ்டமில்லைங்க. நான் படிக்கோணும்னுதான் வந்திருக்கறேன்."

தனியாக இருந்திருந்தால் அதோடு போயிருக்கலாம். கூடவே அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை என் அத்தை பையன் ஊரிலிருந்து வந்தான். அம்மா கொடுத்துவிட்ட வாழைப்பழமும் முறுக்கும் கொண்டு வந்திருந்தான். நானும் அவளும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவனைப் பார்த்தோம். மூன்று பேரும் கரும்புச்சாறு குடித்தோம். நான் பழப்பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நடந்தேன். அவளும் அத்தை பையனும் ஏதோ பேசிக்கொண்டு பின்னால் வந்தார்கள். பம்புக் கம்பெனிப் பையன் பைக்கில் எங்களைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். பார்த்ததோடு மறந்துவிட்டேன்.

அவளுடைய வீட்டில் போன் கிடையாது. ஏதாவது அவசரம் என்றால் அவர்கள் ஊர் உரக்கடைக்குப் போன் செய்வோம். கடைக்காரர் ஆளனுப்பிச் சொல்லுவார். அவனும் அந்தக் கடைக்குத்தான் பேசியிருக்கிறான். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் இருந்த எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. உங்க ஊர்ப் பொண்ணு காந்திபுரத்துல ஒரு பையனோட சுத்தறா, ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லிருங்க என்று சொல்லி வைத்துவிட்டான். கடையில் அப்போது உரம் வாங்க வந்தவர்கள், பேச்சுக்கு உட்கார்ந்தவர்கள் என்று எத்தனை பேர் இருந்தார்களோ. கடைக்காரர் போனை வைத்தபோதே பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் மகளைக் கேட்டிருப்பார், அவள் சொன்னதை நம்பியும் இருப்பார். ஊருக்கே தெரிந்த பிறகு அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் வெடியால, பொழுது விடியும்போதே, ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார். வார்டன் அறையில் வெள்ளை வேட்டியோடு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன்.

"அது எங்க அத்தை பையனுங்க. நானும் ஒட்டுக்காத்தான் இருந்தனுங்க. எங்கூட்ல இருந்து பழம் கொண்டாந்தானுங்க."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வார்டனைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் புள்ளையும் கூட்டாளிதானுங்களே. வேறென்ன சொல்லும்?"

அவள் அழவில்லை. புத்தகங்களைப் பெட்டியில் வைக்கப் போனவளிடம் அவர், அதெல்லாம் இனி எதுக்கு என்றார். புத்தகங்கள் கட்டிலிலேயே கிடந்தன. அடுத்து வந்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். எனக்குப் பத்திரிகை வரவில்லை.

அவன்தான் போன் செய்தான் என்பதை நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. அவனே சொன்னான். அவள் போன பிறகு ஒரு மத்தியானம், வகுப்புக்கு வெளியே நடையில் என்னை நிறுத்தினான்.

"உன் ஃபிரெண்டு வர்றதே இல்லை போல?"

நான் அவனைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"நாந்தான் போன் பண்ணுனேன். இஷ்டமில்லைன்னா இல்லைன்னு இருக்கோணும். சுத்தறதுக்கு மட்டும் ஆள் கேக்குதா? என்ன பண்ணுவே, போய் யார்கிட்ட வேணாலும் சொல்லு."

வார்டனிடம் சொன்னேன். "விடும்மா. இதைக் கிளறுனா அந்தப் பொண்ணு பேருதான் இன்னும் கெடும்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் செய்ததைச் சொன்னால் கேடு அவளுக்கு. சொல்லாவிட்டால் அவன் பைக்கில் வந்து இறங்கி, அவன் அப்பா போட்ட மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு பாடம் கேட்பான்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வராது, வந்தால் போகாது. அன்றைக்கு நடையில் அவன் என்னை விட்டுப் போனபோது, இவனுக்கு நான் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. சாப்பிடும்போது, குளிக்கும்போது, பாடம் நடக்கும்போது எல்லாம் அதையே யோசித்தேன். அவளுடைய கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவள் வாயைத் திறக்காமல் படிப்பாள். அந்த அமைதியில் எனக்கு ஒரு வரி ஏறவில்லை.

அப்போதுதான் தேர்தல் வந்தது.

எங்கள் துறையில் வரலாற்று மன்றம் என்று ஒன்று உண்டு. வருடா வருடம் அதற்கு ஒரு செயலாளர். கை தூக்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வருடம் எங்களுக்கு அமெரிக்க வரலாறு எடுத்த பேராசிரியருக்கு ஒரு ஆசை. அவர் அமெரிக்காவுக்குப் போனதில்லை, ஆனால் அந்த ஊர்த் தேர்தல் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. மன்றத் தேர்தலையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன மாநிலத்தில் கவர்னரை எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ அப்படியே நடத்துவது என்று முடிவு செய்தார். ஜெயிக்கிறவர்தான் கவர்னர். மன்றத் தொடக்க விழாவில் அவருக்குப் பதவியேற்பு. பாடத்துக்குப் பாடம், விழாவுக்கு விழா.

ஒரு வகுப்பு முழுக்க விதிகளை விளக்கினார். அந்தக் காலத்தில் அங்கே அரசாங்கம் ஓட்டுச்சீட்டு அடிக்காது. ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அடித்துக் கொடுக்கும். ஒரு கட்சிச் சீட்டு ஒரு நிறம், இன்னொன்று வேறொரு நிறம். வாங்கிப் பெட்டியில் போட வேண்டியதுதான். யார் யாருக்குப் போட்டார்கள் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியும். கவர்னராக வேண்டும் என்றால் விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் விஷயம் சட்டசபைக்குப் போகும். முன்னால் வந்த மூன்று பேரில் யார் கவர்னர் என்று சட்டசபை ஓட்டுப் போட்டு முடிவு செய்யும்.

"ரெண்டே பேர் நின்னா ஒருத்தருக்குப் பாதிக்கு மேல வந்துதான தீரும். அப்புறம் எதுக்குங்க சார் சட்டசபை?" என்று ஒருவன் கேட்டான்.

"மூணாவதா ஒருத்தர் நிப்பாருப்பா. அடிமைமுறை கூடாதுன்னு ஒரு சின்னக் கட்சி இருந்துச்சு. ஜெயிக்க மாட்டோம்னு அவங்களுக்கே தெரியும். ஆனா அவங்க வாங்கற கொஞ்ச ஓட்டுல ரெண்டு பெரிய கட்சிக்கும் பாதி வராமப் போயிரும். அப்புறம் சட்டசபையில இவங்க வெச்சதுதான் பேரம்."

நான் எழுந்தேன்.

"அப்ப, எல்லார்த்தையும் விட அதிகமா ஓட்டு வாங்கினவரே தோத்துப்போகலாமுங்களா சார்?"

"தாராளமா. அப்படி நடந்திருக்குது" என்றார் பேராசிரியர், சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு.

வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதை நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன்.

அவன் பெயர் கொடுத்தான். எதிர்த்து நின்றது மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பையன். அவனுடைய அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் கணக்குப் பார்ப்பவர். அமைதியானவன், வெளியூர்ப் பையன்களுக்கு அவன்மேல் பிரியம். மூன்றாவதாக நான் பெயர் கொடுத்தேன். பம்புக் கம்பெனிப் பையன் உடனே எழுந்து சிரித்தான்.

"சார், அந்தக் காலத்துல அங்க பொம்பளைங்களுக்கு ஓட்டே கிடையாதுங்களே. இவங்க எப்படி நிக்கறது?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை அப்படியே பாத்தா நம்ம நிறத்துக்கு இந்த ரூமுல ஒருத்தருக்கும் ஓட்டுக் கிடையாதுப்பா. நிக்கட்டும்."

அவன் பிரசாரத்தைச் சொல்ல வேண்டும். பளபளக்கிற மஞ்சள் தாளில் அச்சடித்த சீட்டு, அதில் அவன் போட்டோ. கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் பி.ஏ. பையன்களுக்குத் தினமும் டீயும் முட்டை பப்ஸும். மேட்டுப்பாளையத்துப் பையன் வெள்ளைத் தாளில் கையால் எழுதினான். எனக்கு ஹாஸ்டல் பிள்ளைகள் ரோஸ் கலர்த் தாளைக் கத்தரித்துக் கொடுத்தார்கள்.

நான் ஓட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் வகுப்பிலிருந்து ஒருத்தி ஏன் படிப்பை விட்டுப் போனாள் என்று சொன்னேன். வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். சீட்டில் அவளுடைய பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஆனால் கேட்ட ஒவ்வொருத்திக்கும் அவரவர் ஊர் உரக்கடையோ மளிகைக் கடையோ, அங்கே மணியடிக்கிற போனோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒருத்தி முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இவள் ஓட்டு ரோஸ் என்று. அத்தனை பேரிடம் சொல்லியும் ஒரு வார்த்தை பையன்கள் காதுக்குப் போகவில்லை.

பி.ஏ. முதல் வருடம் படித்த பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்க ஜெயிச்சிருவீங்களா?"

"இல்ல கண்ணு. அவன் ஜெயிக்க மாட்டான்."

"அது போதுங்க்கா" என்றாள்.

இன்னொன்றும் செய்தேன். சட்டசபைக்கு வகுப்புக்கு இரண்டு பேர் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அவனுக்குச் சட்டசபை தேவைப்படாது என்பதுதான் அவன் எண்ணம். ஒவ்வொரு வகுப்பிலும் யார் போகிறீர்கள் என்று கேட்டபோது பையன்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்க, நான் சொல்லி வைத்திருந்த பிள்ளைகள் எழுந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஓரிரண்டு இடத்துக்கு மேட்டுப்பாளையத்துப் பையனின் சிநேகிதர்கள் வந்தார்கள்.

ஓட்டு எண்ணுகிற அன்று துறையே வகுப்பில் அடைந்து நின்றது. பேராசிரியர் மேசைமேல் நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினார். மஞ்சள்தான் உயரம், எட்டி நின்று பார்த்தாலும் தெரிந்தது. பின்னால் விசில் கிளம்பியது. அவன் கூட்டாளி ஒருவன் பையிலிருந்து மாலையை எடுத்து வெளியே வைத்தான். பேராசிரியர் மூன்று அடுக்கையும் எண்ணி, மறுக்கா எண்ணி, தலை நிமிர்ந்தார்.

"பாதி வரலையே" என்றார்.

"நான்தானுங்களே சார் அதிகம்?"

"அதிகம்தான். பாதிக்கு மேல இல்லை. மூணு ஓட்டுக் கொறையுது. சட்டசபைக்குப் போகுது."

விசில் நின்றுபோனது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அதுவரைக்கும் நான் ஏன் நிற்கிறேன் என்று அவன் ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நான் பார்வையைத் திருப்பவில்லை.

அன்று சாயங்காலமே லைப்ரரிக்கு முன்னால் என்னிடம் வந்தான். கூட்டாளிகள் யாரும் இல்லை. அவன் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, அந்தப் புள்ளைங்க எல்லாம் நீங்க சொன்னாக் கேப்பாங்கல்லங்க? எனக்குப் போடச் சொல்லுங்க. எங்க ஊட்ல எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டேன். எனக்குப் பாத்து வெச்சிருக்கற பொண்ணு ஊட்லருந்தெல்லாம் விழாவுக்கு வாராங்க."

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற குடும்பம் அது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் விழாவுக்கு வருகிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்றேன்.

மறுநாள் சட்டசபை கூடும் வரைக்கும் அவன் நான் போகிற இடமெல்லாம் தூரத்தில் நின்றான். நான் ஒருதரம் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தும் வைத்தேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. நம்பிக்கையோடு ஒரு ராத்திரி தூங்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த அளவுகூட யாரும் கொடுக்கவில்லை.

மேட்டுப்பாளையத்துப் பையனிடம் நான் ஏற்கெனவே பேசியிருந்தேன்.

"எங்க ஓட்டெல்லாம் உனக்கு. விழாவுல எனக்கு அஞ்சு நிமிசம் மைக் வேணும்."

"என்ன பேசப் போறே?"

"அதை மட்டும் கேக்காதே."

அவன் கொஞ்சம் பயந்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டான். சட்டசபை ஒரு காலி வகுப்பறையில் கூடியது. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து மேட்டுப்பாளையத்துப் பையன் பெயரைச் சொன்னார்கள். கடைசிப் பெண் சொல்லி முடிப்பதற்கு முன்பே பம்புக் கம்பெனிப் பையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விழாவுக்கு அவன் வீட்டார் வராமல் தடுக்க அவன் என்னென்னவோ செய்து பார்த்தானாம். முடியவில்லை. பந்தலும் சாப்பாடும் அவனுடைய அப்பாவின் உபயம். துறைத்தலைவர் நேரில் போய் அழைத்திருந்தார். முதல் வரிசையில் அவன் அப்பா, அம்மா, பக்கத்தில் திருப்பூர்க்காரர்கள், நடுவில் பட்டுப்புடவையில் அந்தப் பெண். அவனும் அவர்களோடு உட்கார வேண்டியதாகிவிட்டது. மேட்டுப்பாளையத்துப் பையன் பதவியேற்று, நன்றி சொல்லி, என்னைப் பேச அழைத்தான். பேராசிரியருக்கு அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம். ஆனால் தோற்றவர் வாழ்த்திப் பேசுவது நல்ல வழக்கம்தானே என்று தலையாட்டினார்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒருத்தர் கவர்னர் ஆகக்கூடாதுன்னுதான் நான் நின்னேன்" என்று ஆரம்பித்தேன். "எங்க வகுப்புல நல்லாப் படிக்கற ஒரு பொண்ணு இருந்தா. ஒருத்தர் அவளுக்கு இஷ்டமான்னு கேட்டாரு. இஷ்டமில்லைங்கன்னு சொன்னா. அவ சொன்னது அவ்வளவுதான். அதுக்காக அவர் அவளோட ஊருக்குப் போன் பண்ணி, கடையில நாலு பேர் கேக்கற மாதிரி அவளைப் பத்திப் பொய் சொன்னாரு. அவ படிப்பு அன்னைக்கோட போச்சு. போன் பண்ணுனவரு அதை எங்கிட்டயே பெருமையாச் சொன்னாரு. அவர் இங்கதான் உக்காந்திருக்கறாரு. நான் பேர் சொல்லப் போறதில்லைங்க. அவர் எந்திரிச்சு, நான் பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

நான் யாரையும் பார்க்காமல் எதிரே பொதுவாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பான். ஆண்கள் அத்தனை பேரில் அது யார் என்று வந்திருந்த பெரியவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஹாஸ்டல் பிள்ளைகள் ஒருத்தி பாக்கியில்லாமல் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தார்கள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டான். எழுந்தவன் வாயைத் திறக்காமல் வெளியே போகும் வழியைப் பார்த்து நடந்தான்.

திருப்பூர்க்காரர் நிதானமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங் மாப்பிள்ளை, எங்கீங் போறீங்க? சித்த உக்காருங்க. அந்த அம்மணி என்னமோ கேக்குதுங்களே, சொல்லிப்போட்டுப் போங்க."

அவன் நின்றான். திரும்பினான். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு வேகமாகப் போய்விட்டான். வெளியே பைக்கை உதைக்கிற சத்தம் இரண்டு மூன்று தரம் கேட்டது, உடனே கிளம்பவில்லை. அந்தச் சத்தத்தை எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவைப் பெண் தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர்கள் சாப்பிடாமலே கிளம்பினார்கள்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் பரீட்சைக்கு மட்டும் வந்தான். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுத் துறையின் மானத்தைக் கெடுத்துவிட்டதாகக் கத்தினார், என் உள்மதிப்பெண்ணில் கை வைத்தார். ஊரிலிருந்து ஐயனை வரவழைத்தார்கள். ஐயன் எல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்து என்னிடம், "நெசந்தானா?" என்றார். "நெசந்தானுங்" என்றேன். மதிப்பெண் போனதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. காலேஜ் கேண்டீனில் எனக்கு ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குக் கூட்டம் போகிற சமயத்தில், குதிரை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் வீட்டுக்காரர் என்னை வரவேற்று உட்கார வைத்துவிட்டு மாடு பார்க்கக் கிளம்பினார். சாதுவான மனிதராகத்தான் தெரிந்தார். அடுப்படியில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க நான் முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன்.

நல்லபடியாக மறந்துவிட்டேன், விடு என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம் இருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"திரும்புனான்னு சொன்னியே, மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சொன்னேன்.

"பைக் கிளம்பலையா?"

"மூணாவது உதைக்குத்தான் கிளம்புச்சு."

"மறுக்கா மொதல்ல இருந்து சொல்லு" என்றாள். சொன்னேன். இந்தத் தடவை மஞ்சள் சீட்டு, மாலை, பப்ஸ் எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஓரிடத்தில் சிரித்தாள். வராந்தாவில் சத்தமாகப் படித்தவளின் சிரிப்பு இல்லை அது. மெதுவான, பல் கடித்த மாதிரியான சிரிப்பு. எனக்கு அது போதவில்லை என்றும் தோன்றியது, மிகவும் பிடித்தும் இருந்தது.

"அவன் போன்தான் பண்ணுனான்" என்றாள், மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு. "பொட்டியில புஸ்தகம் வைக்கக் கூடாதுன்னது எங்கப்பன். அதுக்கு நீ எந்தத் தேர்தல்ல நிப்பே?"

நான் கீழே கிடந்த வெங்காயச் சருகை ஒதுக்கினேன்.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மத்தியானம் அவளுடைய அப்பா வந்தார். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார், துண்டில் பொரியும் பேரீச்சம்பழமும் முடிந்திருந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

"நல்லாருக்கறயா கண்ணு?"

அவள் வாங்கவும் இல்லை, பேசவும் இல்லை. கல்யாணத்தன்றைக்கு நிறுத்திய பேச்சு என்று பிறகு சொன்னாள். அவர் முடிச்சைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவி வந்து உட்கார்ந்தார். அவள் இலை போட்டாள், சோறு வைத்தாள், குழம்பை ஊற்றினாள். எல்லாம் முறையாகச் செய்தாள். அவர் பக்கம் முகத்தை மட்டும் திருப்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் சோறு வேணுமான்னு கேளு."

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் அப்போதுதான் நான் யார் என்று பார்த்தார்.

"இன்னும் சோறு வேணுங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னால் சுவரோரம் நின்ற மகளையும் பார்த்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

"போதும்னு சொல்லம்மா" என்றார் என்னிடம்.